ஏழு புள்ளி நான்கு

எங்கள் ஊரில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியமும் இருக்கிறது. தொட்டியில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் இறங்கலாம். வாரியத்தில் முப்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். நான் சொல்லப்போகிற நாள்வரை இந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. இதை நான் கோள் மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. "பணியாளர்கள் தொட்டியைப் பயன்படுத்துவதில்லை" என்று வாரியத்தின் ஆண்டறிக்கையிலேயே, நேர்மைக்கு எடுத்துக்காட்டாக, கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நீர்ச் சமநிலை வாரியம் என்று பெயர். தண்ணீர் ரொம்பப் புளிப்பாகவும் போகக் கூடாது, ரொம்பக் காரமாகவும் போகக் கூடாது, நடுவில் நிற்க வேண்டும். அந்த நடுவுக்கு ஓர் எண் உண்டு. ஏழு புள்ளி நான்கு. வாரியத்தின் வாசலில் இந்த எண்ணைப் பித்தளையில் செய்து மாட்டியிருக்கிறார்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் வணக்கம் சொல்வதில்லை, "ஏழு புள்ளி நான்கு, சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எனக்கும் இந்த வாரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் தபால்காரர். ஒரு மழை நாளில் நான்காவது மாடியில் பார்சல் கொடுத்துவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்தார்கள். வெந்நீரில் இறங்கி நடக்கப் பழகினால் கால் திரும்ப வரும், நாற்பது தடவை போகணும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தபால் அலுவலகத்தில் நான்கு மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் நடந்து காட்டினால் பழையபடி தெருவேலை. இல்லாவிட்டால் பின்னறையில் உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டும்.

"உட்கார வெச்சு முத்திரை குத்தச் சொன்னா நான் செத்துருவேன்" என்றார். அவர் எதற்கும் பதறாத ஆள். அவர் அப்படிச் சொன்னதும் அன்றைக்கே வாரியத்துக்குப் போய் டாக்டர் சீட்டைக் காட்டி அவர் பெயரைப் பதிந்தேன்.

வாரியத்தின் விதிப்படி தொடர்ந்து மூன்று நாள் வராதவரின் பெயர் அடிக்கப்படும். டாக்டர் சீட்டோடு முதல் முறை வருகிறவருக்கு உடனே இடம் உண்டு, பெயரை அடித்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை ஒன்றரை வருடம். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையே இல்லை. ஆளில்லாத தெருவில்கூட சிக்னல் பச்சையாகிறவரை நிற்கிற மனிதர் அவர். உத்தரவு என்ற சொல்லைக் கேட்டாலே, உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்பார். ஒரு நாள் தவறாமல் போனார்.

பதினோராவது தடவை போய்விட்டு வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பதினான்காவது தடவைக்குப் பிறகு இடுப்பைச் சுற்றி வரி வரியாகத் தடித்திருந்தது.

"தண்ணி சரியில்லையா?" என்று கேட்டேன்.

"சேச்சே, ஏழு புள்ளி நாலுன்னு போர்டுல எழுதியிருக்கே. என் உடம்புதான் ஒத்துக்கல போல."

மறுநாள் நானும் கூடப் போனேன். காலைக் குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பஞ்சு மாதிரி வெளுத்த தலை. அந்தத் தலை பச்சையாக இருந்தது. இளசான, பளிச்சென்ற பச்சை.

"இது எப்பலேர்ந்து டீச்சர்?"

"மூணு வாரமா. வாரியத்துல புகார் கொடுத்தேன். வயசான காலத்துல இந்தக் கலர் எதுக்குன்னு கேட்டு எனக்கே நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க."

இங்கே என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சாயப்பட்டறையில் நிறம் பார்ப்பவள். துணிக்காரர் ஒரு மாதிரித் துண்டைக் கொடுப்பார். சாயம் ஏறி வருகிற துணி அந்த மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் செய்கிறேன். பச்சையைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்த பச்சை என்று எனக்குத் தெரியும். டீச்சர் தலையில் இருந்தது செம்பு கரைந்து ஏறின பச்சை. அந்த இடத்தில் செம்பு இருப்பது தண்ணீரைச் சூடாக்குகிற கருவியின் குழாயில் மட்டும்தான். தண்ணீர் நன்றாகப் புளித்தால்தான் செம்பு கரையும். செம்பையே கரைக்கிற தண்ணீர் என் வீட்டுக்காரரின் தோலை என்ன பாடு படுத்தும்?

தினமும் காலை ஆறரைக்குத் தண்ணீர்ச் சோதனை நடக்கும். போய்ப் பார்த்தேன். ஒருவர் ஸ்டிரிப் டப்பாவைத் தாம்பாளத்தில் வைத்து ஏந்தி வந்தார். இன்னொருவர் திறந்தார். மூன்றாமவர் ஒரு காகித ஸ்டிரிப்பை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். நான்காமவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து வரை எண்ணினார். நிறம் மாறின அந்த ஸ்டிரிப்பை ஐந்தாமவர் சுவரில் மாட்டியிருந்த அட்டையோடு ஒப்பிட்டு உரக்கப் படித்தார்.

"எட்டு புள்ளி நான்கு! காரம்!"

உடனே, தொட்டியைப் பராமரிக்கிற தொட்டிக்காரர் ஒரு குவளை அமிலத்தை ஊற்றினார். மறுபடி ஸ்டிரிப், மறுபடி காரம், இன்னொரு குவளை. மூன்றாவது குவளைக்குப் பிறகுதான், "ஏழு புள்ளி நான்கு!" என்று குரல் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எழுத்தர் பதிவேட்டில் எழுதினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அட்டையை. அதற்கு மூல அட்டை என்று பெயர். தங்க நிறச் சட்டம், கண்ணாடி, மேலே ஒரு சின்ன விளக்கு. ஐந்து கட்டங்கள். புளிப்பான தண்ணீருக்கு மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, காரமான தண்ணீருக்குச் சிவப்பு என்று இருந்திருக்க வேண்டும். நேர் எதிரே கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை வெயில் தினமும் அந்தக் கண்ணாடியில்தான் விழுந்தது. வெயிலில் சிவப்புதான் முதலில் ஓடிப்போகும் என்பது எங்கள் பட்டறையில் நேற்று சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும். சிவப்புக் கட்டம் ஆரஞ்சாகியிருந்தது. நடுக்கட்டம் ஆரஞ்சு என்று பேர் பண்ணிக்கொண்டு மஞ்சளாக இருந்தது. ஆக, நல்ல தண்ணீரைக் காட்டினால் காரம் என்று படிக்கிறார்கள். அதில் அமிலத்தைக் கொட்டி, நன்றாகப் புளிக்கவிட்டு, ஸ்டிரிப் மஞ்சளானதும் கை தட்டுகிறார்கள்.

எங்கள் பட்டறையில் மாதிரித் துண்டைக் கறுப்பு உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்போம். இவர்கள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, ஸ்டிரிப் செய்கிற கம்பெனிக்காரன் ஒவ்வொரு டப்பாவின் மேலேயும் அந்த ஐந்து நிறங்களைப் புதிதாக அச்சடித்தே அனுப்புகிறான். டப்பா வந்து இறங்கியதும் அந்த அச்சைச் சுரண்டி எடுப்பதற்கென்று வாரியத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார். பதவியின் பெயர் குழப்ப நீக்குநர்.

சமநிலை அலுவலரைப் போய்ப் பார்த்தேன். தொட்டியின் நல்லது கெட்டதெல்லாம் அவர் பொறுப்பு. அறை பூராவும் கேடயங்கள்.

"சார், உங்க அட்டை வெளுத்துப் போச்சு."

"எந்த அட்டை?"

"சுவத்துல இருக்கற அட்டை. வெயில் பட்டு நிறம் போயிருச்சு. அதைப் பார்த்து அமிலத்தை ஊத்தறீங்க. ஜனங்களுக்குத் தோல் உரியுது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அம்மா, தண்ணியைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். தண்ணி மாறும். மழை பெஞ்சா மாறும், ஆளுங்க இறங்கினா மாறும், குமிழி விட்டாக்கூட மாறும். அதனாலதான் மாறாத ஒண்ணு வேணும்னு அட்டையை வெச்சிருக்கோம். அதுவும் மாறும்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

புகார்ப் படிவத்தைக் கொடுத்தார். தடிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் பிறவி, சோப்பு, மனக்கவலை என்று மூன்றுதான் இருந்தன. நான் பக்கத்தில் கட்டம் போட்டு 'தண்ணீர்' என்று எழுதினேன். அரசுப் படிவத்தில் படம் வரைந்ததாக எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது.

நான் விடவில்லை. பட்டறையில் சாயத் தொட்டியைச் சோதிக்கிற தாள் இருக்கிறது. அதில் ஒரு சுருளை எடுத்துப்போய் அலுவலர் கண் முன்னாலேயே தண்ணீரில் முக்கிக் காட்டினேன். ஆறுக்கும் கீழே. ஏழுக்குக் கீழே போனாலே புளிப்பு, ஆறுக்குக் கீழே என்றால் அதில் மனிதரை இறக்கக் கூடாது. அவர் என் தாளை வாங்கி மூல அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். எந்தக் கட்டத்தோடும் ஒட்டவில்லை.

"பாத்தீங்களா, உங்க தாள் தப்பு" என்று பரிவோடு சொன்னார். "கண்ணும் தப்பா இருக்கலாம். எதுக்கும் ஒரு பரிசோதனை பண்ணிக்கிட்டா நல்லது."

பரிசோதனைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இந்தச் சுவர் என்ன நிறம்?"

"மஞ்சள். ஓரத்துல பாசி வேற."

"வெள்ளை. வெள்ளை அடிச்சதா ஃபைல்ல இருக்கு. இந்த நாற்காலி மெத்தை?"

"பழுப்பு."

"நீலம். வாங்கினப்ப நீலம். சரி, எங்க தலைவர் படம் இது. முடி என்ன நிறம்?"

"முக்கால்வாசி நரைச்சிருக்கு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். "வேலைக்குச் சேர்ந்தப்ப கொடுத்த விவரத்துல கறுப்புன்னு இருக்கும்மா."

நிறம் அறியும் திறன் அறவே இல்லை என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். அன்று பிற்பகல் பட்டறைக்குப் போய் ஒன்பது நிறம் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வரவில்லை.

வீட்டுக்காரர் அந்தச் சான்றிதழை மூன்று தடவை படித்தார். "சீல் எல்லாம் போட்டிருக்காங்க. ஒருவேளை உனக்கு நிஜமாவே கண்ணுல..."

"வாயை மூடுங்க" என்றேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். அவர்கள் என் கண்ணைப் பழித்ததற்காக இல்லை. இவர் நம்பினாரே என்றுதான்.

அடுத்த வாரம் புது அறிவிப்பு ஒட்டினார்கள். தொட்டியைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் சொறிந்துகொள்ளக் கூடாது. சொறிவது வாரியத்தின் மீது நம்பிக்கையின்மை தெரிவிப்பதாகக் கருதப்படும். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில், தடிப்பு என் கண்ணில் படாமல் இருக்க, முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்.

இருபத்தேழாவது தடவைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"தையல் போட்ட இடத்துல தோல் விட்டுப்போச்சு. இதே தண்ணியில இன்னும் ஒரு வாரம் போனார்னா சீழ் தகடு வரைக்கும் இறங்கும். அப்புறம் நடக்கறதைப் பத்திப் பேசவே வேணாம்."

"போகாம இருந்தா பேரை அடிச்சுருவாங்க டாக்டர்."

"ரெண்டு நாள் ஆறட்டும், தோல் கூடிரும். அப்புறம் தண்ணி நல்லா இருந்தா போகட்டும். இல்லேன்னா போகவே வேண்டாம்."

இரண்டு நாள். மூன்றாவது நாளும் போகாவிட்டால் பெயர் போகும், பெயர் போனால் கால் போகும், கால் போனால் முத்திரை குத்துகிற நாற்காலி. இவரைப் படுக்கவைத்துவிட்டு நான் நேராக வாரியத்துக்குப் போனேன்.

அங்கே விழா நடந்துகொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்திலேயே மேடை. ஏழு புள்ளி நான்கு ஆயிரமாவது நாளாகத் தொடர்ந்து பதிவானதற்கு விழா. தலைவர் வந்திருந்தார். முடி படத்தில் இருந்ததைவிட நரைத்திருந்தது. பேசினார்.

"நண்பர்களே, ஆயிரம் நாள்! உலகத்துல எது மாறாம இருக்கு? மனுஷன் மாறுறான், பருவம் மாறுது. நம்ம பதிவேடு மட்டும் மாறல. ஆரம்பத்துல நாம தண்ணியைச் சோதிச்சுட்டு எழுதினோம். இப்ப எழுதிட்டுச் சோதிக்கிறோம். நம்ம எழுத்தர் அடுத்த மார்ச் வரைக்கும் எழுதி முடிச்சுட்டார்னு சொல்றதுல எனக்கு ரொம்பப் பெருமை. சில பேர் தோல் எரியுதுங்கறாங்க. இருக்கலாம். நான் மறுக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், தோலுக்கு வாரியம் கிடையாது. தண்ணிக்குத்தான் வாரியம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் நான் சுவருக்குப் போய் மூல அட்டையைக் கழற்றிவிட்டேன். யாரோ "ஐயோ" என்றார்கள். சட்டத்தின் பின்பக்கத்தை நிமிண்டித் திறந்து அட்டையை வெளியே எடுத்தேன். சட்டம் மூடியிருந்த ஓரத்தில், வெயில் படாமல், விரலகலத்துக்குப் பழைய நிறம் அப்படியே இருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. ஆரஞ்சு ஆரஞ்சாக இருந்தது. அதற்குக் கீழேயே வெளுத்துப்போன கட்டங்கள். மேடையில் ஏறித் தலைவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"நல்லாப் பாருங்க. எனக்குத்தான் கண்ணு தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தலைவர் பார்த்தார், அலுவலர் பார்த்தார், குழப்ப நீக்குநர் எட்டிப் பார்த்தார். மூவரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். தலைவர் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"இந்த அம்மா ஒரு பெரிய குறையைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்களுக்கு நன்றி. நம்ம மூல அட்டையோட ஓரம் மட்டும் நிறம் மாறியிருக்கு."

கத்தரிக்கோல் வந்தது. ஓரத்தை நறுக்கிக் கீழே போட்டார்கள். மிச்சத்தைச் சட்டத்தில் மாட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதே சால்வையோடு குனிந்து, தரையில் கிடந்த ஓரத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குத் தலை கொதித்தது.

கொதிகலன் அறைக்குப் பின்னால் தொட்டிக்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், அமிலம் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"உங்களுக்காவது தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"பதினாலு வருஷமாத் தண்ணியோட கிடக்கேன், தெரியாமயா? மோந்து பார்த்தாலே தெரியும். சூடாக்கற குழாயை இந்த வருஷம் மட்டும் மூணு தடவை மாத்தியாச்சு, அரிச்சு அரிச்சு ஓட்டை. என்ன பண்றது? நான் ஊத்தறது அமிலம் இல்லம்மா, உத்தரவு."

"சரி, உத்தரவு இல்லேன்னா என்ன ஊத்துவீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலிருந்தது. மடமடவென்று சொல்ல ஆரம்பித்தார். தண்ணீருக்கு முதலில் ஒரு பிடிமானம் வேண்டுமாம். அது இல்லாவிட்டால் இன்று புளிக்கும், நாளை காரமாகும், சொன்ன இடத்தில் நிற்காது. தினமும் அமிலம் விட்டு விட்டு அந்தப் பிடிமானத்தையே கொன்றுவிட்டார்கள். அதை முதலில் ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் புளிப்பையும் காரத்தையும் பார்க்க வேண்டும், கிருமிக்குப் போடுகிற குளோரின் எல்லாவற்றுக்கும் கடைசி.

"பிடிமானத்துக்கு என்ன மருந்து?"

"மருந்து என்ன மருந்து, உங்க வீட்டுச் சமையல் சோடாதான். இந்தத் தொட்டிக்கு ஒரு கிலோ. போட்டுட்டு அரை மணி நேரம் குமிழியை ஓட விட்டா போதும்."

அன்று மாலையே காலைக் குழுவைக் கணக்கு டீச்சர் வீட்டில் கூட்டினேன். டீச்சர் பச்சைத் தலையை ஆட்டி ஆட்டிக் கணக்குப் போட்டார். ஒரு கிலோவைப் பன்னிரண்டால் வகுத்து, சிந்துவதற்கும் சேர்த்து ஆளுக்கு எண்பத்தைந்து கிராம், கூடக் குறைய இருந்தால் உதைப்பேன் என்றார். சோடாவை மறைத்துக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. திருட்டுத்தனம் செய்கிறவர்கள் அவர்கள், நாம் ஏன் ஒளிய வேண்டும்? எல்லோரும் பார்க்கவே போடலாம் என்று முடிவானது.

என் வீட்டுக்காரரும் காய்ச்சலோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், "இது விதிக்கு விரோதம் இல்லையா?" என்றார். நான் சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா, விரோதம்தான். வரலேன்னா படுத்துக்குங்க" என்றேன். அவர் எழுந்து எண்பத்தைந்து கிராம் நிறுத்தார்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போய், கையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினார்கள். தொட்டிக்காரர் குமிழியை ஓடவிட்டார். அன்று அமிலக் கேனின் மூடியை அவர் தொடவே இல்லை. ஆறரைக்குள் அந்த மூக்கைத் துளைக்கிற நெடி போய்விட்டது. சோதனைக்காரர்களிடம் ஒரு ஸ்டிரிப் வாங்கி முக்கி, நறுக்கிப் போட்ட ஓரத்தின் நடுநிறத்தோடு வைத்துப் பார்த்தேன். அச்சாக ஒத்துப்போனது. ஆயிரம் நாளில் முதல் தடவையாக அந்தத் தொட்டி ஏழு புள்ளி நான்கில் இருந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள்.

பிறகு வாரியத்தின் சோதனை நடந்தது. ஐந்தாமவர் சட்டத்தில் இருந்த அட்டையைப் பார்த்து வழக்கம்போல் உரக்கப் படித்தார்.

"எட்டு புள்ளி நான்கு!"

"அமிலம்!" என்றார் அலுவலர்.

"ஊத்தமாட்டேன் சார்" என்றார் தொட்டிக்காரர்.

இந்தச் சூழ்நிலைக்குப் படிவம் கிடையாது. எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். அன்றைய தேதிக்கு ஏழு புள்ளி நான்கு என்று போன மாதமே எழுதிவிட்டிருந்தார். மணி அடித்தார்கள். முப்பத்தொரு பேரும் ஓடி வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அலுவலர் ஒரு தாளில் அவசரமாக எழுதிப் படித்தார்.

"இத்தொட்டி அபாயகரமானது. உடனடியாக மூடப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியேற வேண்டும். இது உத்தரவு."

உத்தரவு என்றதும் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மார்பிலிருந்து வழிந்தது. இத்தனையும் செய்து இவர் ஏறிவிடப்போகிறாரே என்று நினைத்தேன். அவர் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார், தையல் இருந்த இடத்தை. பிறகு அலுவலரைப் பார்த்தார்.

"எரியல சார்."

"என்னது?"

"இன்னைக்கு எனக்கு எரியல."

"எரியணும்! அட்டைப்படி எரியணும்! ஏறி வாங்க!"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி உட்கார்ந்தார்.

சும்மா ஒரு சொல். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்க நான் பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறேன். கணக்கு டீச்சர் "நானும் மாட்டேன்" என்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள்.

"இழுத்து வெளியே போடுங்க!" என்று அலுவலர் கத்தினார். முப்பது பேரும் தொட்டியின் விளிம்பிலேயே நின்றார்கள். இழுக்க வேண்டுமென்றால் இறங்க வேண்டும். இறங்கினால் விதிமீறல். மேலும், அது அபாயகரமான தண்ணீர் என்று இப்போதுதான் படித்திருந்தார்கள். குழப்ப நீக்குநர் ஒரு சுண்டு விரலை நீட்டி, தொடாமலேயே பின்வாங்கினார். தொட்டிக்காரர் மட்டும் சீருடையோடு இறங்கினார். இறங்கி, டீச்சருக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

சூடாக்கியை நிறுத்திவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றியது. அதற்கான படிவத்தில் தொட்டிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தொட்டியில் இருந்தார். தொட்டியோ மூடப்பட்டுவிட்டது. மூடிய தொட்டிக்குள் ஆள் இருக்க முடியாது என்று எழுத்தர் சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்று அலுவலரும் ஒப்புக்கொண்டார். ஆக, பதிவேட்டில் தொட்டி காலி என்று எழுதிவிட்டு எல்லோரும் மேலே போய்விட்டார்கள்.

அடுத்த பன்னிரண்டு நாளும் அந்தக் காலித் தொட்டியில் பன்னிரண்டு பேர் குளித்தார்கள். காலையில் நான் ஸ்டிரிப்பை முக்கி ஓரத்தோடு வைத்துப் பார்ப்பேன், தொட்டிக்காரர் வேண்டியதைப் போடுவார். டீச்சர் தலையில் அடியிலிருந்து வெள்ளை வந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் கைப்பிடியை விட்டுவிட்டு நடந்தார். நாற்பதாவது தடவை கரையேறி, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்.

அந்த வாரமே வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்தேழாவது முறைக்குப் பின் தாங்கள் வரவில்லை, ஆகவே தாங்கள் நடக்க இயலாதவர் என்று பதிவு செய்யப்பட்டுள்ளது, நகல் தபால் அலுவலகத்துக்கு.

நான் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தவணை முடிய நான்கு நாள்தான் இருந்தது. அவர் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். ஒரு தாள் எடுத்துப் பதில் எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். மறுநாள் தபால் அலுவலகத்துக்குப் போய் அதைப் பதிவுத் தபாலாகச் சேர்த்தார். பிறகு, "வாரியத்துப் பக்கத்துத் தபாலை இன்னைக்கு நான் எடுத்துக்கறேன். முடியுதான்னு பாருங்க" என்று மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். சீருடை இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. நானும் கூடக் கிளம்பினேன்.

வாரியத்தின் அலுவலகம் மூன்றாவது மாடியில். படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டாவது மாடியில் ஒரு தடவை நின்றார். அவ்வளவுதான். அலுவலர் கேடயங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"சார், பதிவுத் தபால்."

அலுவலர் தலை நிமிராமல் உறையைப் பிரித்துப் படித்தார். "நடக்க முடியும்னு நோயாளி எழுதியிருக்கார். இப்படியெல்லாம் எழுதினா செல்லாது, அவர் நேர்ல வரணும்."

"நான்தான் சார் அது."

அப்போதுதான் நிமிர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நடந்து வந்திருக்கீங்க. பதிவேட்டுல இருக்கறவர் நடக்க முடியாதவர். அப்ப நீங்க அவர் இல்ல."

"பரவாயில்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். பட்டுவாடாச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "தபால் வந்து சேர்ந்ததுக்கு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துக் கேட்டால் அந்த மனிதரால் போடாமல் இருக்க முடியாது. போட்டார். தேதி போட்டார், நேரம் போட்டார், தானாகவே சீலையும் எடுத்து ஊதிக் குத்தினார். இன்னின்ன தபால்காரர் மூன்றாவது மாடியில் நேரில் வந்து கொடுத்தார், பெற்றுக்கொண்டேன், சமநிலை அலுவலர். வீட்டுக்காரர் சீட்டை வாங்கிச் சரிபார்த்தார்.

"ரொம்ப நன்றி சார். இதோட நகலை உங்க பதிவேட்டுல ஒட்டிக்குங்க. ஒட்டலேன்னாலும் பரவாயில்ல, மூலம் எங்க ஆபீசுல இருக்கும்."

அலுவலர் சீட்டைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார். அதற்குள் இவர் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். தெருவுக்கு வந்ததும் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, மிச்சத் தபாலைப் பார்த்து, பதினாலு தெரு இருக்கு என்றார். முதல் தெருவில் சேர்ந்தாற்போலத்தான் நடந்தோம். மூன்றாவது தெருவில் எனக்கு மேல்மூச்சு வாங்கியது. அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மெதுவாகப் போங்கள் என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட மனசு வரவில்லை.